தமிழ்நாட்டில் கெட்டமைன் சிகிச்சை தரும் இடத்தைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாத்திரைகளுக்கு அசையாத மனச்சோர்வுக்குக் கெட்டமைன் (ஆபரேஷனுக்கு மயக்கம் தரும் மருந்து, இதற்குக் குறைந்த அளவில் ட்ரிப்பாக நரம்பில் ஏற்றுவார்கள்) பயன்படலாம் என்று கேள்விப்பட்டவுடன் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: போனை எடுத்து ‘அருகில் உள்ள கெட்டமைன் கிளினிக்’ என்று தட்டுவது. அது வலி நிவாரண மையம், வெளிநாட்டு விளம்பரம், ‘பார்சலில் அனுப்புகிறோம்’ என்கிற மோசடி ஆகிய மூன்றில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும். நம்மூரில் இந்தச் சிகிச்சை தனிப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நடப்பது குறைவு. மனநல மருத்துவரும் மயக்க மருந்து டாக்டரும் சேர்ந்து வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற காரியம் இது. அதனால் தேட வேண்டியது மருந்தை அல்ல, அந்த இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தை.

ஒரு விஷயம் முன்னாலேயே. இன்று, இப்போது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அழுத்துகிறது என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அல்லது 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கெட்டமைன் தேடல் சில நாள் பொறுக்கும்.

1. முதலில் ஃபைலைத் தயார் செய்யுங்கள்

எந்த டாக்டரும் கேட்கப்போகும் முதல் கேள்வி: ‘இதுவரை என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம்?’ இதற்குப் பதில் இல்லாமல் போனால் முதல் சந்திப்பு முழுக்க அதிலேயே கழிந்து, ‘பழைய சீட்டெல்லாம் எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க’ என்று முடியும்.

ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: மருந்தின் பெயர், அதிகபட்ச அளவு, எத்தனை வாரம் விடாமல் சாப்பிட்டது, ஏன் நிறுத்தியது. ‘எஸ்சிடாலோப்ராம், 20 மி.கி., 10 வாரம், பலன் இல்லை’ என்பது உருப்படியான வரி. ‘ஏதோ வெள்ளை மாத்திரை, ரெண்டு மாசம்’ என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சீட்டு தொலைந்திருந்தால் மருந்துக்கடை பில்லைத் தேடுங்கள், பழைய மாத்திரை அட்டையின் படமும் உதவும். அதுவும் இல்லையென்றால் சிகிச்சை பெற்ற இடத்தில் கேளுங்கள். மனநலச் சிகிச்சைச் சட்டம் 2017 உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

இந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம்? குறைந்தது இரண்டு மனச்சோர்வு மருந்துகளை, சரியான அளவில், போதிய வாரங்கள் எடுத்தும் பலன் இல்லை என்றால்தான் ‘மருந்துக்கு மசியாத மனச்சோர்வு’ என்ற கணக்கில் வரும். கெட்டமைனுக்கு ஆதாரம் வலுவாக இருப்பது அங்கேதான். பலருக்கு இந்தத் தாளை எழுதும்போதே உண்மை தெரிந்துவிடும்: மூன்று மருந்து மாற்றியிருப்பார்கள், ஒன்றைக்கூட ஆறு வாரம் தாண்டியிருக்க மாட்டார்கள். அப்படியானால் முதல் வேலை ட்ரிப் அல்ல, ஒரு மருந்தை ஒழுங்காக முடித்துப் பார்ப்பது.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனை முடிவுகளையும் அதே ஃபைலில் வையுங்கள். தைராய்டு குறைந்திருப்பது மனச்சோர்வு போலவே காட்டும். அதற்குக் கெட்டமைன் ஏற்றிப் பயனில்லை.

2. உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

தேடி அலைந்து, பணம் கட்டி, கடைசியில் ‘உங்களுக்குத் தர முடியாது’ என்று கேட்பதைவிட இதை முதலில் பார்ப்பது நல்லது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்:

- கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் மாரடைப்பு, மூளை ரத்தக்குழாய் வீக்கம். மருந்து ஏறும்போது அழுத்தம் உயரும் என்பதே காரணம்.
- காதில் குரல் கேட்பது, பிறர் சதி செய்கிறார்கள் என்ற உறுதியான நம்பிக்கை, முன்பு எப்போதாவது ஸ்கிசோஃப்ரீனியா என்று சொல்லப்பட்டது.
- கர்ப்பம், அல்லது கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு.
- இப்போதும் தொடரும் குடி, கஞ்சா, வேறு போதைப் பழக்கம்.

வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் சில நாள் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், பேச்சும் செலவும் எல்லை மீறிப் போனதுண்டா? அதையும் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அப்போது மருந்துத் திட்டமே மாறும்.

இன்னொன்று, நம்மூரில் அடிக்கடி தவறவிடப்படுவது: குளோனசிபாம், லோராசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். பலர் வருடக்கணக்காக இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு ‘அது சும்மா தூக்கத்துக்கு’ என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இவை கெட்டமைனின் பலனைக் குறைக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். எந்த இரவு எவ்வளவு குறைப்பது என்பது டாக்டர் போட்டுத்தரும் கணக்கு.

3. தேடலை உங்கள் டாக்டரிடமிருந்தே தொடங்குங்கள்

‘அவர் கோபித்துக்கொள்வாரோ’ என்று பயந்து அவரைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. அங்கேதான் முதல் சறுக்கல். புதிய இடத்தில் பெரும்பாலும் பரிந்துரைக் கடிதமோ பழைய சிகிச்சைக் குறிப்போ கேட்பார்கள். எதையும் பார்க்காமலே ட்ரிப் ஏற்றத் தயாராக இருந்தால் அந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதோடு கெட்டமைன் முடிந்தபின் உங்கள் மாத்திரையைத் தொடர்ந்து பார்க்கப்போகிறவர் இவர்தான்.

கேட்கும் விதம் எளிது: ‘டாக்டர், ரெண்டு மருந்து பார்த்துட்டோம். கெட்டமைனோ ஈசிடியோ எனக்குப் பொருந்துமா? பொருந்தும்னா எங்க அனுப்புவீங்க?’ இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஈசிடி என்பது மயக்கம் கொடுத்து மூளைக்குச் சிறிது மின்சாரம் செலுத்தும் சிகிச்சை. ஷாக் ட்ரீட்மென்ட் என்ற பழைய பெயர் ஈசிடியின் மானத்தை வாங்கிவிட்டது. ஆனால் சாப்பிட மறுக்கும் அளவுக்கு முற்றிய சோர்வுக்கும், மாயக்குரல் சேர்ந்த சோர்வுக்கும் அதுவே முன்னால் நிற்கிறது. மாயக்குரல் போன்றவை இல்லாத நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட, 2023-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் மூன்று வார முடிவில் கெட்டமைன் பெற்றவர்களில் 55.4 சதவீதமும் ஈசிடி பெற்றவர்களில் 41.2 சதவீதமும் முன்னேறினார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இடம் தேடுவது வீண்.

பீதி, ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு), பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலை ஆகியவற்றுக்குக் கெட்டமைனின் ஆதாரம் மனச்சோர்வுக்கு இருப்பதைவிட மெலிதானது. ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

4. எந்த மாதிரி இடங்களில் விசாரிப்பது

மனநலப் பிரிவும் மயக்கவியல் பிரிவும் சேர்ந்திருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். ஈசிடி தருகிற இடம் என்றால் இன்னும் நல்லது. மயக்க மருந்து டாக்டர், ஆக்சிஜன், மானிட்டர், கண்காணிக்கும் நர்ஸ் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும். கெட்டமைனுக்கும் அதே ஏற்பாடுதான் வேண்டும். அதனால் போனில் ‘கெட்டமைன் உண்டா’ என்பதோடு நிறுத்தாமல் ‘உங்களிடம் ஈசிடி எந்தெந்த நாள்?’ என்று கேளுங்கள். வரவேற்பில் இருப்பவருக்கு முதல் கேள்வி புரியாமல் போகலாம், இரண்டாவது புரியும்.

சென்னையில் இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் ஆலோசனை பெறலாம். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை அந்தந்தப் பக்கத்து மக்கள் கருத்துக் கேட்கப் போகும் பெரிய இடங்கள். எங்கே போனாலும் போனில் பதில் வாங்கி முடிவு செய்யாதீர்கள். ஓபி சீட்டு போட்டு, ஃபைலோடு டாக்டரைப் பார்த்தால்தான் சரியான பதில் வரும்.

மாவட்டத் தலைநகரங்களில் உள்ள தனியார் பல்துறை ஆஸ்பத்திரிகள் அடுத்து. அங்கே மனநல மருத்துவர் வாரம் இரண்டு நாள் மட்டும் வருபவராக இருக்கலாம். அப்படியானால் அவர் இல்லாத நாளில் ட்ரிப்புக்குப் பின் மனநிலையை யார் பார்ப்பது என்று கேட்டு வையுங்கள்.

வலி நிவாரண மையங்களும் கெட்டமைன் பயன்படுத்தும். ஆனால் மனநல மருத்துவர் இல்லாத வலி மையத்தில் மனச்சோர்வுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டாம். மருந்து அதேதான், ட்ரிப் முடிந்த மூன்றாம் நாள் சோர்வு திரும்பும்போது போன் செய்ய அங்கே ஆள் இருக்காது.

5. டாக்டரின் பதிவைச் சரிபாருங்கள்

பத்து நிமிட வேலை. சீட்டில் அச்சிட்டிருக்கும் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ போட்டுப் பாருங்கள். மனநல மருத்துவருக்கு எம்.டி. சைக்கியாட்ரி, டி.என்.பி., டி.பி.எம். இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். ‘சைக்காலஜிஸ்ட்’, ‘கவுன்சலர்’ என்போர் முக்கியமானவர்கள்தான், ஆனால் மருந்து எழுத முடியாது. மயக்கவியலுக்கு எம்.டி., டி.ஏ., டி.என்.பி. ஆஸ்பத்திரிக்கு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுச் சான்று உண்டு, வரவேற்பில் மாட்டியிருப்பார்கள்.

6. மருந்தின் சட்டநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கெட்டமைன் இந்தியாவில் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது கடும் கட்டுப்பாடுள்ள மருந்துப் பட்டியலில் இருப்பது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் மனமாற்றப் பொருளாக இருக்கிறது. குப்பி லேபிளின் இடது மேல் மூலையில் சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் (XRx) என்று இருக்கும். கடையில் வாங்க இரண்டு பிரதிச் சீட்டு வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும்.

தொலைமருத்துவ வழிகாட்டுதல் 2020-இன்படி ஷெட்யூல் எக்ஸ் மருந்தை வீடியோ காலில் எழுதவே கூடாது. ஆகவே ‘ஆன்லைனில் டாக்டர் பார்ப்பார், வீட்டுக்கு மருந்து வரும்’ என்பது எவ்வளவு அழகான ஆப்பில் இருந்தாலும் சட்டவிரோதம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அங்கே கூரியரில் வாங்கியதைப் பார்த்து இங்கே கேட்காதீர்கள். அமெரிக்காவிலேயே மருந்தகங்கள் தாமே கலந்து தர, மேற்பார்வையின்றி வீட்டில் எடுக்கும் கெட்டமைன் பற்றி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 அக்டோபரில் எச்சரித்தது.

இன்னொரு குழப்பம்: மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே என்பது எஸ்கெட்டமைன், கெட்டமைனின் ஒரு வடிவம். 2019-இல் அமெரிக்கா அனுமதித்தது அதைத்தான். ட்ரிப்பில் ஏறுகிற சாதாரணக் கெட்டமைன் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்குத் தருவது அந்த அனுமதிக்கு வெளியே, டாக்டரின் பொறுப்பில். அதனால்தான் எழுத்துச் சம்மதம் கட்டாயம்.

7. இடத்தைச் சோதிக்கும் கேள்விகள்

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். இங்கே கோட்டை விட்டால் பணத்தோடு போகாது.

அளவு எவ்வளவு, எத்தனை நிமிடம்? பரவலான வழக்கம் உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி., 40 நிமிடம். 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி. மில்லிக்கு 50 மி.கி. உள்ள குப்பியில் அது வெறும் 0.6 மில்லி. ஆபரேஷனுக்கு மயக்க வைக்க அதே ஆளுக்கு 60 முதல் 120 மி.கி. வரை ஒரே மூச்சில் போடுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான் என்பதால் அளக்கும் கை பழகியதாக இருக்க வேண்டும்.

எதில் ஏற்றுகிறீர்கள்? நீங்கள் கேட்க விரும்பும் பதில் ‘சிரிஞ்ச் பம்ப்’ அல்லது ‘இன்ஃபியூஷன் பம்ப்’. அந்த 0.6 மில்லியைச் சலைனோடு கலந்து 40 மில்லியாக்கி, பெரிய சிரிஞ்சில் ஏற்றி, பம்பை மணிக்கு 60 மில்லி என்று வைத்தால் சரியாக 40 நிமிடத்தில் முடியும். கையால் சக்கரம் திருகும் சாதாரண ட்ரிப் செட்டில் என்ன ஆகிறதென்றால், நோயாளி முழங்கையை மடக்குவார், வென்ஃப்ளான் (நரம்பில் பொருத்திய ஊசிக்குழாய்) அடைத்துச் சொட்டு நிற்கும். நர்ஸ் வந்து சக்கரத்தைத் தளர்த்துவார். கை நீட்டியதும் கடகடவென்று ஓடும். 40 நிமிட மருந்து 15 நிமிடத்தில் போய்விடும். அழுத்தம் ஏறி, உடம்பு மிதப்பது போன்ற உணர்வு உச்சத்துக்குப் போய், நோயாளி அலறுவார். ‘கெட்டமைன் எனக்கு ஒத்துக்கலை’ என்று பலர் சொல்வதில் கொஞ்சம் இந்தச் சக்கரத்தின் வேலையும் இருக்கும்.

அறையில் யார் இருப்பார்? ‘டாக்டர் கூப்பிடு தூரத்துல இருப்பார்’ என்பது போதாது. மூச்சுக்குழாயைக் கையாளத் தெரிந்த ஒருவர் அதே தளத்திலாவது இருக்க வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர், 10-15 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் எடுக்கும் மானிட்டர், ஆக்சிஜன், ஆம்பு பை (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை), சக்ஷன் (வாய், தொண்டையில் தேங்குவதை உறிஞ்சும் கருவி) ஆகியவை கண்ணுக்குத் தெரிய வேண்டும். கேட்டால் காட்டுவார்கள். காட்டத் தயங்கும் இடத்தில் படுக்காதீர்கள்.

எந்த அழுத்தத்துக்கு மேல் ஆரம்பிக்க மாட்டீர்கள்? 140/90-க்கு மேல் இருந்தால் நிறுத்திவைத்து யோசிப்போம் என்பது போன்ற ஒரு எண் உடனே வர வேண்டும். எண் வராவிட்டால் எழுதிவைத்த நடைமுறையே இல்லை என்று பொருள்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? மனச்சோர்வை மதிப்பெண்ணில் அளக்கும் பி.எச்.க்யூ-9, மேட்ரஸ், ஹாமில்டன் இவற்றில் ஏதாவது ஒரு அளவுகோலை ஒவ்வொரு முறையும் போட வேண்டும். ‘முகத்தைப் பார்த்தாலே தெரியும்’ என்கிற டாக்டர் மற்ற விஷயங்களில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்குச் சரிப்படாது.

ஆறுக்கு முன்பணம் மொத்தமாகக் கேட்கிறார்களா? வழக்கமான சுற்று இரண்டு மூன்று வாரத்தில் ஆறு ட்ரிப். ஆனால் ஒவ்வொன்றாகக் கட்டும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். பலன் இல்லை என்று நாலாவதில் தெரிந்தால் நிறுத்த முடிய வேண்டும்.

8. செலவும் காப்பீடும்

மருந்தின் விலை மிகச் சிறியது. பில் ஏறுவது அறை, மயக்க டாக்டர், கண்காணிப்பு ஆகியவற்றால். ஆகவே ‘ஒரு ட்ரிப்புக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை அதில் அடங்குமா என்றும்.

மனநோயையும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி முதலில் படுத்துவிட்டு அப்புறம் கிளெய்ம் போடாதீர்கள். 24 மணி நேரம் தங்காத சிகிச்சை என்றும், ‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’ என்றும் இரண்டு காரணம் காட்டி மறுக்க இடமிருக்கிறது. முன் அனுமதிக் கடிதத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழிச் சம்மதம் கவுன்டரில் செல்லாது.

9. முதல் ட்ரிப் நாள்

திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்தம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை என்பது வழக்கமான விதி. உங்கள் ஆஸ்பத்திரி சொல்வதே இறுதி. இங்கே ஒவ்வொரு வாரமும் யாராவது மாட்டிக்கொள்வது காபியில்: ‘ஒண்ணும் சாப்பிடலை டாக்டர், காபி மட்டும்தான்.’ பால் சேர்த்த காபி உணவுக் கணக்கு. வாந்தி வந்தால் புரையேறும் என்பதால் அன்றைய ட்ரிப் தள்ளிப்போகும். அழுத்த மாத்திரையை மட்டும் டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை ஒரு மிடறு தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். விரலில் கருநிற நகப்பூச்சு வேண்டாம். ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும்.

துணைக்கு வருபவருக்கு முந்தின நாளே விளக்கிவிடுங்கள். உடம்பு மிதப்பது போல, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, நேரம் இழுபடுவது போலத் தோன்றும், சிலர் அழுவார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இது தெரியாத அம்மா ‘என்ன பண்ணிட்டீங்க என் புள்ளைய’ என்று தோளைப் பிடித்து உலுக்கினால் நோயாளியின் பயம் இரட்டிப்பாகும். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் துணையின் வேலை. போன் சத்தத்தை அணைத்துவிட வேண்டும்.

திரும்பும்போது பைக்கின் பின்சீட்டில் உட்கார வேண்டாம். தலை சுற்றினால் பிடி விடும். ஆட்டோ அல்லது கார். அன்று வண்டி ஓட்டுவதும் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம். ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

10. பலனைக் கணக்கு வைத்து முடிவெடுங்கள்

முதல் ட்ரிப்புக்கு மறுநாள் மனம் லேசாகலாம். உடனே மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள். ஒற்றை ட்ரிப்பின் பலன் பலருக்கு ஒரு வாரத்துக்குள் கரைந்துவிடும். ஆறு ட்ரிப் வரை பெற்ற 24 பேரைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், பலன் கண்டவர்களில் பாதிப் பேருக்கு கடைசி ட்ரிப்பிலிருந்து 18 நாளுக்குள் சோர்வு திரும்பியிருந்தது. ஆகவே ஆரம்பிக்கும் முன்பே ‘ஆறுக்குப் பிறகு என்ன?’ என்று கேளுங்கள். மாத்திரை, பேச்சுச் சிகிச்சை, தேவைப்பட்டால் இடைவெளி விட்டு ட்ரிப் என்று ஒரு திட்டம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். ட்ரிப்புக்கு முன், மறுநாள், ஏழாம் நாள் என மூன்று முறை பி.எச்.க்யூ-9 மதிப்பெண். 22-இல் தொடங்கியவர் 11-க்கு வந்தால் பாதி குறைந்திருக்கிறது. இதைத்தான் ‘பலன்’ என்பார்கள். மறுநாள் 9, ஏழாம் நாள் 21 என்றால் மருந்து வேலை செய்கிறது, தங்கவில்லை. மறுநாளும் 21 என்றே நாலு முறை வந்தால், ஐந்தாவதுக்குப் பணம் கட்டும் முன் டாக்டரோடு உட்கார்ந்து ஈசிடி பற்றிப் பேசுங்கள்.

சிறுநீர் எரிச்சல், அடிக்கடி போகும் உந்துதல் வந்தால் ‘வெயில் சூடு’ என்று மோர் குடித்துக் கடந்துவிடாதீர்கள். அடிக்கடி தரப்படும் கெட்டமைன் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக் கூடும். அடுத்த ட்ரிப்புக்கு முன் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அளவு, நேரம், அழுத்தக் குறிப்பு எழுதிய தாளின் நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். ஊர் மாறினாலோ டாக்டர் மாறினாலோ அடுத்தவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அளவைத் தீர்மானிப்பார்.